வாசற்படி வழி விடட்டும்!

தாயின் இடுப்பில் குழந்தை இருக்கிறது.

ஒரு வயதுக் குழந்தை என்றால் பார்க்க அழகு. மூன்று வயது என்றாலும் அழகுதான்.

ஒன்பது வயது என்றால்?

கால் விளங்காத குழந்தையைப் பெற்ற தாய்க்கு இந்தக் கேள்வியின் பொருள் நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கு அது எளிதில் தெரிவதில்லை.

பெரம்பலூர் பக்கத்துக் கரிசல் காட்டு ஊர் ஒன்றில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தகப்பனார் வெங்காயக் காட்டில் வேலை செய்கிறார். தாயும் கூலிக்குப் போகிறவள். வீட்டில் ஓர் அப்பாயி. ஒன்பது வயதில் ஒரு மகள். பிறந்தது முதல் அவளுக்குக் காலில் பலம் இல்லை. அறிவில் குறை ஒன்றும் இல்லை. படிப்பில் கெட்டிக்காரி.

வீடு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று உயர்த்திக் கட்டியது. வாசலில் மூன்று படிகள். அதைத் தாண்டினால் மூன்று அங்குல நிலைப்படி. கழிவறை கொல்லையில் இருக்கிறது. அங்கேயும் ஒரு படி.

காலையில் கழிவறைக்குத் தூக்க வேண்டும். குளிக்கத் தூக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகத் தெருவரை தூக்க வேண்டும். மாலையில் திண்ணைக்கு, இரவில் உள்ளே. எண்ணிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

ஒன்பது வயதுக் குழந்தையின் எடை ஏறக்குறைய 25 கிலோ. அதாவது அரை மூட்டை வெங்காயம். வெங்காய மூட்டையைத் தூக்கினால் கூலி உண்டு. இதற்குக் கூலி இல்லை. இடுப்பு வலிதான் உண்டு.

ஒரு நாள் காலையில் தாய் சொல்கிறாள்:

"இன்னிக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் கண்ணு. அம்மாவுக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சு."

அந்த ஒரு நாள் இரண்டு நாளாகிறது. இரண்டு நாள் ஒரு வாரமாகிறது. பிறகு ஒரு வருடம். அதற்குப் பிறகு யாரும் எண்ணுவதில்லை.

"பாவம், கால் விளங்காத பெண். எப்படிப் படிக்கும்?" என்று ஊர் பேசுகிறது.

அவள் படிப்பை நிறுத்தியது காலா? இல்லை. வாசலில் இருந்த மூன்று படிகள்!

இப்படி ஒரு வீடு அல்ல, பல வீடுகள் இருக்கின்றன. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். இந்தியா முழுவதும் 2 கோடியே 68 லட்சம் பேர். இவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்தக் குழந்தைகள் வாழும் வீடுகளில் பெரும்பாலானவை, அவர்கள் பிறப்பதற்கு முன்பே கட்டப்பட்டவை. அவர்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

குழந்தையை மாற்ற வைத்தியர் இருக்கிறார். கோயில் குளத்துக்கும் போகிறார்கள். வீட்டை மாற்ற வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை!

தூக்குவது மட்டும் அன்பு அல்ல

"என் பிள்ளையை நான் தூக்குகிறேன். எனக்கு என்ன பாரம்?" என்று கேட்கும் தாய் உண்டு. அந்த அன்புக்கு விலை இல்லை.

ஆனால் குழந்தையின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும்.

தாகம் எடுத்தால், யாராவது வரும்வரை அது காத்திருக்க வேண்டும். வயிற்றைக் கலக்கினால் அடக்கிக்கொள்ள வேண்டும். தாய் வேலைக்குப் போயிருந்தால் அவள் வரும்வரை பொறுக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் கழிவறை போக வேண்டியிருக்கும் என்று பயந்து, தண்ணீரே குடிக்காமல் இருக்கும் குழந்தைகள் உண்டு. வெயில் சுடும் மாவட்டத்தில் இது எவ்வளவு ஆபத்து!

பெண் குழந்தை பெரியவளானால் இன்னும் சங்கடம். அப்பாவோ அண்ணனோ தூக்குவது அவளுக்கே கூச்சமாக இருக்கும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. அதைப் பெற்றோர்கள் வெளியே சொல்வதில்லை. இரவில் படுத்துக்கொண்டு நினைப்பார்கள்: "எங்களுக்குப் பிறகு இவளை யார் தூக்குவார்கள்?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்றுதான். யாரும் தூக்காமலே அவள் போய்வர வழி செய்ய வேண்டும்.

தூக்கிச் செல்வது அன்பு. தானே செல்ல வழி செய்து கொடுப்பது அதைவிடப் பெரிய அன்பு.

ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி

முதல் வேலை வாசலில். படியின் ஒரு பக்கத்தில் சாய்தளம் வேண்டும். மருத்துவமனையிலும் வங்கியிலும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

பல இடங்களில் சாய்தளம் பேருக்குத்தான் இருக்கிறது. செங்குத்தாக இருப்பதால் சக்கர நாற்காலி ஏறாது. ஏறினாலும் இறங்கும்போது ஓடும். குழந்தை விழும். ஆகவே சரிவு சரியாக இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு கணக்கு உண்டு. எந்தக் கொத்தனாரும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். அவ்வளவுதான்!

ஆறு அங்குல உயரத்துக்கு ஆறடி நீளம். ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி நீளம்.

"பதினெட்டு அடிக்கு எங்கே போவது? வாசலில் இறங்கினால் தெரு!" என்று கேட்கலாம்.

நேராகப் போக வேண்டியதில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி, திண்ணை ஓரமாகச் சாய்தளம் போகலாம். நடுவில் திரும்பலாம். திரும்பும் இடத்திலும், வாசற்கதவுக்கு முன்னாலும் ஐந்தடி சதுரத்துக்குச் சமதளம் வேண்டும். அப்போதுதான் நாற்காலியை நிறுத்திக் கதவைத் திறக்க முடியும்.

அகலம் மூன்றடிக்குக் குறையக் கூடாது. நாலடி இருந்தால் நல்லது. ஓரங்களில் மூன்று நான்கு அங்குல உயரத்துக்குத் திட்டு கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் ஓரத்தில் இறங்கிவிடும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் குழாய் வேண்டும். அதன் உயரத்தைக் குழந்தையை அருகில் வைத்து அளந்து வைக்க வேண்டும்.

மேலே வழுவழுப்பான டைல்ஸ் ஒட்டக் கூடாது. மழையில் சறுக்கும். சிமெண்ட் பூசி, ஈரம் காயும் முன்பே விளக்குமாற்றால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக விட்டால் போதும்.

கரிசல் மண் ஊர்களில் இன்னொரு கவனமும் தேவை. அந்த மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் அப்படியே கட்டினால் சாய்தளம் பிளந்து போகும். மேல் மண்ணை எடுத்துவிட்டு, கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு நன்றாக இடித்த பிறகே கட்ட வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கிற கொத்தனாருக்கு இது பெரிய வேலை அல்ல.

வாடகை வீடு என்றால்? வெல்டிங் பட்டறையில் சொரசொரப்பான இரும்புத் தகட்டில் ஒரு சாய்தளம் செய்து கொள்ளலாம். வீடு மாறும்போது எடுத்துச் செல்லலாம். ஒரே படி உள்ள வீட்டுக்குக் கனமான பலகையும் குறுக்குச் சட்டங்களும் போதும். ஆனால் நகராதபடி கட்டி வைக்க வேண்டும்.

சில வீடுகளில் கொல்லை வாசல் தாழ்வாக இருக்கும். அங்கே வழி செய்வது சுலபம். ஆனால் முடிந்தவரை முன் வாசலையே பாருங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முன் வாசலில் வரும்போது, வீட்டுக் குழந்தை மட்டும் ஏன் பின் வாசலில் வர வேண்டும்?

நிலைப்படியில் லட்சுமி

படி முடிந்தது. அடுத்தது நிலைப்படி. இங்கேதான் அப்பாயி குறுக்கே நிற்பார்.

"நிலைப்படியிலே லட்சுமி இருக்கா. அதை இடிக்கலாமா?"

அப்பாயி சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துப் பழகியவர். நிலைப்படியை இடிக்காமலே வேலையை முடிக்கலாம். இரண்டு பக்கமும் முக்கோண வடிவில் மரத்தால் சிறு சரிவு செய்து பொருத்தினால் சக்கரம் ஏறி இறங்கும். இங்கும் கணக்கு அதேதான். மூன்று அங்குல நிலைப்படிக்கு மூன்று அடிச் சரிவு. உள் கதவுகளுக்கு நிலைப்படியே தேவையில்லை. புது வீடு கட்டுகிறவர்கள் அதைத் தரைமட்டமாக வைக்கலாம்.

லட்சுமி குறுக்கே படுத்து வழி மறிக்கிற தெய்வம் அல்லவே! பெண் குழந்தையைத்தான் வீட்டுக்கு லட்சுமி என்கிறோம். அந்த லட்சுமி தடுக்காமல் உள்ளே வர வேண்டாமா?

கதவின் அகலமும் முக்கியம். பெரியவர்களின் சக்கர நாற்காலி இரண்டடிக்குச் சற்று மேல் இருக்கும். நாற்காலியும், சக்கரத்தைத் தள்ளும் கைகளும் இடிபடாமல் போக வேண்டும். அதற்குக் கதவு திறந்த பிறகு மூன்றடி வழி இருந்தால் நல்லது. குழந்தையின் நாற்காலி சிறியதுதான். ஆனால் குழந்தை வளரும், நாற்காலியும் பெரிதாகும்.

பழைய வீட்டில் நிலையை மாற்றுவது செலவு. முதலில் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு அங்குலம்தான் குறைகிறது என்றால், உள் அறைக் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போடலாம். அதுவே போதுமானதாக இருக்கும்.

நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப ஐந்தடி இடம் வேண்டும். அதற்காகச் சுவரை இடிக்க வேண்டாம். கூடத்தில் கிடக்கிற பழைய பெட்டியையும் மூட்டையையும் ஒதுக்கினாலே பல வீடுகளில் இடம் கிடைத்துவிடும்.

கழிவறைதான் பெரிய சோதனை

செலவுக்குப் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், எதை முதலில் செய்வது?

கழிவறையை! மானம் அங்கேதான் இருக்கிறது.

2014-ல் தூய்மை இந்தியா திட்டம் வந்த பிறகு கிராமங்களில் ஏராளமான கழிவறைகள் எழுந்தன. நல்ல காரியம். ஆனால் அவற்றில் பலவற்றுக்குள் ஒரு நாற்காலி நுழைய இடமில்லை.

வீட்டிலிருந்து கழிவறை வரை சேறில்லாத, மேடு பள்ளம் இல்லாத பாதை வேண்டும். வாசலில் படி இருக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே குழந்தை விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அதன் உடலே அடைத்துக்கொள்ளும்.

குந்தி உட்கார முடியாத குழந்தைக்கு, நடுவில் துளை உள்ள நாற்காலியைத் தரைப் பீங்கானுக்கு மேல் வைக்கலாம். ஊர்த் தச்சரே செய்து தருவார். வசதி உள்ளவர்கள் மேல்நாட்டு முறைப் பீங்கான் வைக்கலாம். பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி வேண்டும். அது ஒரு பெரியவர் தொங்கினாலும் கழன்று வராதபடி உறுதியாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்கு எட்ட வேண்டும்.

தானே கழிவறைக்குப் போய்வரும் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அந்தத் தெளிவை எந்த மருந்தும் தராது.

கைக்கு எட்டும் உயரம்

செலவே இல்லாத மாற்றங்களும் பல உண்டு.

தண்ணீர்க் குடத்தை மேடையிலிருந்து இறக்கித் தாழ்வான முக்காலியில் வையுங்கள். புத்தகத்தை மேல் பரணிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். உடைகளைத் தாழ்வான கொடியில் போடுங்கள். மின்விளக்கு சுவிட்சை அடுத்த முறை மாற்றும்போது மூன்றரை அடி உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கட்டிலின் உயரமும் நாற்காலி இருக்கையின் உயரமும் ஒன்றாக இருந்தால், கைகளில் பலம் உள்ள குழந்தை தானே நகர்ந்து மாறிக்கொள்ளும். கட்டில் உயரமாக இருந்தால் காலை அறுத்துவிடலாம். தாழ்வாக இருந்தால் மரக்கட்டை வைத்து உயர்த்தலாம்.

தவழ்ந்து போகும் குழந்தைக்கு நாற்காலியைவிடத் தரைதான் ராஜ்யம். நம் வீடுகளில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் படிப்பதும் பழக்கம். அது இங்கே வசதியாகிவிடுகிறது. தரை குண்டும் குழியுமாக இல்லாமல், முழங்கால் தேயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு குழந்தை போல் இன்னொரு குழந்தை இல்லை

குறை என்றால் கால் மட்டும் அல்ல. 1995-ம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது. 2016-ம் ஆண்டுச் சட்டம் இருபத்தொன்றாக விரித்தது. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் வேறு வேறு ஏற்பாடு தேவை.

கண் தெரியாத குழந்தைக்குச் சாய்தளம் தேவையில்லை. பொருள்கள் வைத்த இடத்தில் இருப்பதே அதற்கு வழிகாட்டி. முக்காலியை இன்று இங்கும் நாளை அங்கும் வைத்தால் அது இடறி விழும். கழிவறை வரை ஒரு கயிற்றையோ குழாயையோ கட்டிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டே போய்வரும். பார்வை மங்கலான குழந்தைக்குப் படி ஓரத்தில் மஞ்சள் வண்ணம் தீட்டினால் பளிச்சென்று தெரியும்.

காது கேளாத குழந்தைக்கு வெளிச்சம் வேண்டும். பேசுகிறவர் முகமும் உதடும் தெரிய வேண்டும். இருட்டு மூலையில் நின்று கூப்பிட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

மன வளர்ச்சி குன்றிய குழந்தைக்கும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் காவல்தான் முதல் தேவை. வீட்டுக் கிணற்றுக்கு மூடி வேண்டும். தெருக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். அடுப்பும் பூச்சி மருந்தும் கைக்கு எட்டக் கூடாது. வயலில் சுவர் இல்லாத கிணறுகள் உள்ள ஊர்களில் இதை மறக்கவே கூடாது.

தசைச் சிதைவு நோய் உள்ள சிறுவர்களின் பெற்றோர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அந்த நோயின் ஒரு வகையில், சிறு வயதில் ஓடியாடும் பையனுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்குள் நடை நின்றுவிடுகிறது. நடை நின்ற பிறகு கொத்தனாரைத் தேடுவதைவிட, நடக்கும்போதே வீட்டைத் தயார் செய்வது நல்லது.

எதைச் செய்வதற்கு முன்பும் இயன்முறை மருத்துவர் ஒருவரைக் கேட்பது அவசியம். குழந்தையையும் கேட்க வேண்டும். "உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டால் அது சரியாகச் சொல்லும். எல்லாரும் யோசனை சொல்லும் வீட்டில், குழந்தையை மட்டும் யாரும் கேட்பதில்லை!

நாற்காலியில் இருந்து உலகை மாற்றியவர்கள்

"இவ்வளவு செய்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்குச் சில மனிதர்களைக் காட்டலாம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்தவர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, கால்கள் இயங்காமல் போயின. அவர் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் அவர் முயற்சியால் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தென்காசி அருகே ஆய்க்குடியைச் சேர்ந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போனார். அங்கே விழுந்ததில் கழுத்துக்குக் கீழே உடல் செயல் இழந்தது. அவர் தம் ஊரிலேயே இருந்துகொண்டு 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கத்தின் பணியாளர்கள் குழந்தைகளின் வீடு தேடிப் போய்ப் பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்கள். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

அமெரிக்காவில் ரொனால்டு மேஸ் என்ற சிறுவனுக்கு ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. கல்லூரியில் அவரைப் படிகளில் தூக்கித்தான் செல்ல வேண்டியிருந்தது. கழிவறைக் கதவுக்குள் அவருடைய நாற்காலி நுழையவில்லை. பட்ட கஷ்டத்தை அவர் மறக்கவில்லை. 1966-ல் கட்டடக் கலைஞராகி, எல்லாரும் புழங்கும்படியே எந்தக் கட்டடத்தையும் கட்ட வேண்டும் என்ற கொள்கையை உலகுக்குச் சொன்னார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை! ஒரு குழந்தைக்காகக் கட்டிய சாய்தளத்தில், முழங்கால் வலிக்கும் அப்பாயியும் ஏறுகிறார். கர்ப்பிணி மருமகள் ஏறுகிறாள். மோட்டார் சைக்கிள் ஏறுகிறது. வெங்காய மூட்டையும் பருத்திப் பொதியும் கியாஸ் சிலிண்டரும் ஏறுகின்றன. ஒருவருக்காகச் செய்த வழி ஒன்பது பேருக்கு உதவுகிறது.

சட்டம் வாசலோடு நிற்கிறது

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்களில் எல்லாரும் போய்வர வழி இருக்க வேண்டும் என்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது.

பள்ளிக்கூடத்துக்குச் சாய்தளம் கட்டச் சட்டம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்குப் புறப்பட வேண்டிய வீட்டின் படியைச் சட்டம் பார்ப்பதில்லை. அங்கே பெற்றோர்தான் சட்டம். கொத்தனார்தான் அதிகாரி.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. அரசின் வீட்டுத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து சதவீதம் ஒதுக்க வேண்டும் என்கிறது.

2016-ல் பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டம் வந்தது. 2024-ல் தமிழக அரசு, குடிசைகளுக்குப் பதிலாக 360 சதுர அடி வீடுகள் கட்டும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தைத் தொடங்கியது. ஏழைக்குக் கூரை கிடைப்பது மகிழ்ச்சிதான்.

வீட்டை ஒதுக்கினால் மட்டும் போதாது. அந்த வீட்டுக்குள் அவர்கள் நுழையவும் வேண்டும்! மாற்றுத்திறனாளி உள்ள குடும்பத்துக்கு வீடு கட்டும்போது, படிக்குப் பதில் சாய்தளம், அகலக் கதவு, நாற்காலி நுழையும் கழிவறை ஆகிய மூன்றும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அஸ்திவாரம் போடும்போது செய்தால் செலவு கொஞ்சம். கட்டி முடித்து இடித்துச் செய்தால் செலவு இரட்டிப்பு. ஊராட்சி மன்றங்களும் பொறியாளர்களும் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வீட்டை மாற்ற விரும்பும் ஏழைப் பெற்றோருக்கும் அரசு கை கொடுக்க வேண்டும்.

பெற்றோர்களும் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் எதற்கும் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-ல் பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் சேர்ந்து, 2007-ல் மறுபடியும் தனி மாவட்டமானது. இரண்டு ஊர்களிலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உண்டு. அடையாள அட்டை, சக்கர நாற்காலி, பராமரிப்பு உதவித்தொகை எல்லாவற்றுக்கும் முதல் வாசல் அதுதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

சக்கர நாற்காலி இலவசமாகக் கிடைத்தும், அதை மூலையில் மடக்கி வைத்துத் துணி காயப்போடும் வீடுகள் உண்டு. அது நாற்காலியின் குற்றம் அல்ல. வீட்டுக்குள் அது ஓட வழி இல்லாத குற்றம்.

சிமெண்ட் விளையும் மண்

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. அந்தப் பழைய கடலின் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிப் போய், இன்றும் அங்கே தோண்டும் இடத்தில் கிடைக்கின்றன. கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு இன்று பெரிய பெரிய ஆலைகள் சிமெண்ட் செய்கின்றன. அங்கிருந்து லாரி லாரியாகப் போகும் சிமெண்டில் எத்தனையோ ஊர்களில் மாளிகைகள் எழுகின்றன.

ஊருக்கெல்லாம் வீடு கட்டச் சிமெண்ட் தரும் மண்ணில், ஒரு குழந்தை வாசல் தாண்டச் சில மூட்டைச் சிமெண்ட் கிடைக்காதா?

ஊர்கூடித் தேர் இழுக்கிறவர்கள் நாம். ஒரு வீட்டுக்குச் சாய்தளம் கட்ட, கொத்தனார் ஒரு நாள் வேலையைத் தரலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வண்டி கிராவல் தரலாம். வாலிபர்கள் மண் சுமக்கலாம். கோயிலுக்குச் செய்யும் கைங்கரியத்தைவிட இது குறைந்தது அல்ல.

அந்த ஒன்பது வயதுப் பெண்ணின் வீட்டில் இப்படி ஒரு சாய்தளம் கட்டியாகிவிட்டது என்று நினைத்துப் பாருங்கள்.

காலை நேரம். பள்ளிக்கூட மணி அடிக்கப் போகிறது. பழக்கத்தில் தாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள்.

மகள் கையைத் தட்டிவிடுகிறாள்.

"இரும்மா. நானே போறேன்."

சக்கரம் உருள்கிறது. நிலைப்படி தாண்டுகிறது. திண்ணை ஓரமாகத் திரும்புகிறது. தெருவுக்கு வந்து நிற்கிறது.

திண்ணையில் அப்பாயி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

இந்த ஒரு சொல்லை, "நானே போறேன்" என்ற சொல்லைக் கேட்க எத்தனையோ வீடுகள் காத்திருக்கின்றன. அதற்கு மந்திரம் வேண்டாம். மாயம் வேண்டாம். ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி!